சொரசொரப்பான சாட்சி

பாளையங்கோட்டை முருகன்குறிச்சியில் வேதமுத்து என்றொருவர் இருக்கிறார். வயது அறுபத்து மூன்று. தபால் துறையின் புகார்ப் பிரிவில், போய்ச் சேராத கடிதங்களைத் தேடும் வேலையை முப்பத்தோராண்டுகள் செய்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற பின்னர், போய்ச் சேராத மனிதர்களைத் தேடிக்கொண்டிருக்கிறார்.

அவருடைய பழக்கங்கள் சில. காலையில் ஐந்தரை மணிக்கு ஒரு குவளை கருப்பட்டிக் காப்பி. ஞாயிற்றுக்கிழமைதோறும் வீட்டிலுள்ள இரண்டு மிதிவண்டிகளுக்கும் எண்ணெய் இடுதல். அவற்றுள் ஒன்றில் அவர் ஏறுவார். மற்றொன்று பெண்கள் ஓட்டும் வண்டி. ஏழாண்டுகளாக அதில் ஏறுவார் இல்லை. இருப்பினும் அதன் சக்கரங்களில் காற்றுக் குறைய அவர் விட்டதில்லை. மூன்றாவது பழக்கத்தை அவர் விதியென்றே சொல்வார்: ஒருவர் தம்மிடம் மறைவாகச் சொன்னதை மற்றொருவரிடம் சொல்வதில்லை. ஒட்டிய உறையைப் பிரிக்கத் தபால்காரனுக்கு உரிமை இல்லை என்பது அவர் கொள்கை. ஊரார் அவரை நாடி வந்ததும் அதனால்தான்.

முத்துராணியை அவருடைய உதவியாளராக எவரும் நியமிக்கவில்லை. அவள் ஆட்டோ ஓட்டுபவள், நாற்பத்திரண்டு வயது. அவர் எங்கே செல்வதானாலும் அவளுடைய வண்டியிலேயே செல்வார். இறக்கிவிட்டுத் திரும்பிப் போகும் வழக்கம் மட்டும் அவளிடம் இல்லை.

கார்த்திகை மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில் தனலட்சுமி என்னும் அம்மையார் அவ்வீட்டுக்கு வந்தார். கைத்தறிக் கூட்டுறவுக் கடையில் முப்பதாண்டுகள் துணி அளந்து கொடுத்தவர், தனியாக வாழ்பவர். முத்துராணி இடப்பக்கமாக நீட்டிய காப்பிக் குவளையை அவர் காணவில்லை. அவள் அதை அவருடைய கண்ணுக்கு நேரே கொண்டுவந்த பிறகே வாங்கிக்கொண்டார். வேதமுத்து அதைக் கவனித்தார், கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

அம்மையார் கொண்டுவந்திருந்த புடவைப் பெட்டிக்குள் அஞ்சலட்டை அளவில் முப்பத்தாறு புகைப்படங்கள் வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன. அவருடைய தம்பி மணிராஜ் கல்லிடைக்குறிச்சியில் தனியாக வசிக்கும் புகைப்படக் கலைஞர். மூன்றாண்டுகளுக்கு முன் தந்தை இறந்தபோது அக்காளுக்கும் தம்பிக்கும் மனத்தாங்கல் உண்டாயிற்று. அன்று முதல் பேச்சு இல்லை. ஆனால் மாதந்தோறும் ஒரு படம் தபாலில் வரும். கடிதம் இராது, முகவரி மட்டும் இருக்கும். ஆற்றுப் படித்துறை, வயல் வரப்பு, பாலத்தடியில் படுத்திருக்கும் எருமை என ஏதேனும் ஒன்று, வறுத்த கடலைத் தோலின் நிறத்தில் அச்சாகியிருக்கும். பதிலெழுத அம்மையாருக்கு மனம் வரவில்லை. படம் வருவதே போதுமென்று இருந்துவிட்டார்.

"கடைசி மூணும் எங்க தம்பி அனுப்புனதில்ல, அண்ணாச்சி" என்றார் அவர்.

வேதமுத்து அந்த மூன்றையும் ஜன்னலோரம் பிடித்துப் பார்த்தார். அவற்றுக்கு முந்தைய மாதங்களின் படங்களைப் போலவே அவையும் சொரசொரப்பான பரப்புடையனவாகத்தான் தோன்றின. வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை என்றார்.

"கண்ண மூடிக்கிட்டுத் தடவிப் பாருங்க."

அவர் அவ்வாறே செய்தார். விரல் வழுக்கிக்கொண்டு போயிற்று. சொரசொரப்பு தாளில் இல்லை, படத்துக்குள் இருந்தது. எவரோ மணிராஜின் படமொன்றைப் படமெடுத்திருக்கிறார்கள். மூலப் படத்தின் மேடு பள்ளங்கள் நகலில் புள்ளிப் புள்ளியாகப் பதிந்து, கண்ணை ஏமாற்றிக்கொண்டிருந்தன.

காவல் நிலையத்தில் இதைச் சொன்னபோது அங்கிருந்தவர் சிரித்தாராம். மணிராஜின் வீடு பூட்டிக் கிடக்கிறது, தொலைபேசி அணைந்து கிடக்கிறது, ஆனால் படம் மாதாமாதம் வருகிறது. ஆகையால் ஆள் எங்கோ நலமாக இருக்கிறான் என்று அனுப்பிவிட்டார்கள். அம்மையார் வேண்டியது ஒன்றே. தம்பி உயிரோடு இருக்கிறானா இல்லையா என்று தெரிய வேண்டும்.

பின்னர் முத்துராணியை வெளியே அனுப்பிவிட்டு அவர் மற்றொன்றும் சொன்னார். ஓராண்டாகத் தமக்குப் பக்கப் பார்வை குறைந்துகொண்டே வருகிறது, கண்ணுக்குள் அழுத்தம் என்கிறார்கள், சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார்கள், தாம் வாங்கவில்லை. ஏன் வாங்கவில்லை என்று வேதமுத்து கேட்டார்.

"அவன நான் ஒரு சொல்லு சொன்னேன், அண்ணாச்சி. அது சொன்ன வாய்க்கே திரும்பிட்டு. வந்தத ஏத்துக்கிடுதேன். நீங்க அவனக் கண்டா, என் கண்ணப் பத்தி மூச்சு விடக் கூடாது."

என்ன சொல் என்று அவர் கூறவில்லை. வேதமுத்து வாக்குக் கொடுத்தார். அவரைப் பொறுத்தமட்டில் உறை ஒட்டப்பட்டுவிட்டது.

*

அம்மையார் சென்ற பிறகு வேதமுத்து முப்பத்தாறு படங்களையும் மேசைமேல் மாத வரிசைப்படி பரப்பினார். அம்மையார் படங்களின் பின்புறத்தில் மாதத்தை எழுதி வைத்திருந்ததோடு, தாளின் தன்மையையும் துணிக்கடை வழக்கப்படி குறித்திருந்தார். முதலாண்டுப் படங்களில் 'நூறாம் நம்பர் நூல்' என்றிருந்தது. அதாவது மெல்லிய, வழுவழுப்பான, பளபளப்பில்லாத மேட் தாள். எண் குறையக் குறைய நூல் தடிக்கும். இரண்டாமாண்டில் 'அறுபது'. மூன்றாமாண்டில் 'நாற்பது', 'இருபது'. கடைசியாக வந்த உண்மைப் படத்தின் தாள் சாக்குத் துணியைப் போல் இருந்தது.

"மனுசன் மல்லுல ஆரம்பிச்சுக் கோணிக்கு வந்துட்டாரு. இன்னும் ரெண்டு மாசம் போனா ஓலப்பாயில படம் போட்டிருப்பாரு" என்றாள் முத்துராணி.

வேதமுத்து சிரிக்கவில்லை, எனினும் அவள் சொன்னதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். மற்றொன்றும் அவர் கண்ணிற்பட்டது. மாதம் ஏற ஏறப் படங்களில் கருமை மிகுந்துகொண்டே வந்தது. முதற்படத்தில் படித்துறையின் ஒவ்வொரு கல்லையும் எண்ணலாம். தம்பி அச்சிட்ட கடைசிப் படத்தில் ஆறு எது, கரை எது என்று தெரியவில்லை. தம்பியின் மனம் இருண்டுவிட்டது என்று அம்மையார் அஞ்சியதற்கு அதுவே காரணம்.

நகல்கள் மூன்றையும் புரட்டினார். இருட்டறையில் அச்சிட்ட படங்களின் பின்புறத்தில் அம்மையாரின் எழுத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. நகல்களின் பின்புறத்திலோ, மங்கிய சாம்பல் நிறத்தில் ஒரு வரி எந்திரத்தால் அச்சாகியிருந்தது: நாள், எண், 'பெனோ ஸ்டூடியோ, அம்பை'.

"கொலகாரன் விலாசத்த எழுதியே அனுப்பியிருக்கான். நமக்கு வேலையே இல்ல" என்றாள் முத்துராணி.

கல்லிடைக்குறிச்சிக்கு அக்கரையிலுள்ள அம்பைக்குப் போகுமுன் தாளைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும் என்றார் வேதமுத்து.

*

திருநெல்வேலி சந்திப்பில் புகைப்படச் சாமான்கள் விற்கும் நூர்முகம்மது மேலப்பாளையத்துக்காரர். இருட்டறைத் தாள் வாங்க இன்னும் ஆறேழு வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காக வெளிநாட்டிலிருந்து வரவழைத்துத் தருகிறார். மணிராஜின் பெயரைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. நான்கு மாதங்களாக ஆளைக் காணவில்லை என்றபோது சுருங்கியது.

மணிராஜ் செய்வது 'லித்' என்னும் அச்சுமுறை என்று அவர் விளக்கினார்.

"சாதாரணப் படம் ரெண்டு மூணு நிமிசத்துல வந்துரும் வே. இதுக்கு மருந்தத் தண்ணியாக் கரைச்சு, தாளுக்கு வெளிச்சத்த அள்ளிக் குடுத்து, சிவப்பு வெளக்குல அரை மணி நேரம் தட்டத்த ஆட்டிக்கிட்டே நிக்கணும். மொதல்ல ஒண்ணுமே வராது. பொறவு பைய வரும். கருப்பு விழ ஆரம்பிச்சா நிக்காது, ஒரு கருப்பு அடுத்த கருப்பக் கூப்புடும். அந்த நேரம் பாத்து உருவி எடுத்துரணும். ஒரு நிமிசம் பிந்தினா, படம் கரிதான்."

எல்லாத் தாளும் இந்த முறைக்கு இணங்குவதில்லையாம். இணங்கும் மேட் தாள்கள் மூன்றை நூர்முகம்மது மேசைமேல் வைத்தார். ஒன்று வழுவழுப்பு, ஒன்று பட்டுத்துணி போன்றது, ஒன்று முரட்டுச் சொரசொரப்பு. நிறம் மிகச் சிறப்பாக வருவது முதல் தாளில். மூன்றாவதில் நுணுக்கமான கோடுகளை மேடு பள்ளம் விழுங்கிவிடும். நேரமும் அதிகம் பிடிக்கும். எனினும், ஈராண்டுகளாக மணிராஜ் சொரசொரப்பை நோக்கியே நகர்ந்துகொண்டிருந்தார்.

எவ்வாறு தேர்ந்தெடுப்பார் என்று வேதமுத்து கேட்டார். கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் தடவிப் பார்த்துத்தான் எடுப்பார் என்று நூர்முகம்மது சொல்லிச் சிரித்தார். "கலைஞர் பந்தா வே அது. நானும் ரசிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன்."

பிறகு, நினைவு வந்தவராய் மற்றொன்றும் சொன்னார். இரண்டு ஆண்டுக்கு முன் மணிராஜ் ஒரு பெட்டி வழுவழுப்புத் தாளைத் திருப்பிக் கொண்டுவந்து, பாதித் தாளில் படமே விழவில்லை, சரக்குக் கெட்டுவிட்டது என்று சண்டையிட்டார். நூர்முகம்மது சோதித்துப் பார்த்தார். தாளில் குற்றமில்லை. மணிராஜ்தான் மருந்து பூசிய முகத்தைக் கீழே வைத்து, முதுகுக்கு வெளிச்சம் காட்டியிருக்கிறார்.

"வழுவழுப்பு மேட் தாளுல முகமும் முதுகும் விரலுக்கு ஒண்ணுபோலத்தான் இருக்கும். ஆனா சாச்சுப் பாத்தா ஒரு சின்ன மினுக்கம் தெரியும். புதுசா வார பையங்களே பாத்துருவாங்க. இருவது வருசத் தொழில்காரரு செய்யிற தப்பா அது? நான் சொல்லலை. பாவம், கோவத்துல இருந்தாரு. பெட்டிய மாத்திக் குடுத்துட்டேன்."

வேதமுத்து அதைக் குறிப்பேட்டில் எழுதி அடிக்கோடிட்டார். வெளியே வந்ததும் முத்துராணி அடிக்கோட்டின் பொருளைக் கேட்டாள். இன்னும் ஊகம்தான், ஊகத்தைப் பட்டுவாடா செய்யக் கூடாது என்றார் அவர்.

"அப்ப நான் என் ஊகத்தச் சொல்லுதேன். மணிராஜ எவனோ முடிச்சுட்டான். அக்கா தேடக் கூடாதுன்னு படத்த நகலெடுத்து மாசாமாசம் அனுப்புதான். சொரசொரப்புத் தாளு வாங்கத் துப்பில்ல, அதான் மாட்டிக்கிட்டான்."

நன்றாகத்தான் இருக்கிறது என்று ஒப்புக்கொண்ட வேதமுத்து, பொய்யாக இருக்கட்டும் என்றும் சேர்த்துக்கொண்டார்.

*

பேட்டை, சேரன்மகாதேவி, வீரவநல்லூர் என்று ஆட்டோ போயிற்று. நாற்றங்கால்களில் மழைநீர் நின்றது. கல்லிடைக்குறிச்சியைக் கடந்து, பாலத்தின்மேல் ஏறியபோது தாமிரபரணி கலங்கலாக ஓடிக்கொண்டிருந்தது.

பெனோ என்பவர் முப்பது வயது மதிக்கத்தக்கவர். திருமணப் படங்களும் கடவுச்சீட்டுப் படங்களும் எடுப்பவர். நகல்களைக் கண்டதும், இவை தம் எந்திரத்தில் அடித்தவைதாம் என்று தயக்கமின்றிச் சொன்னார். மணிராஜை அவருக்கு நேரில் தெரியாது. கல்லிடைக்குறிச்சியிலிருந்து அம்பைக் கடைகளுக்கு அப்பளம் போட வரும் சுடலைவடிவு என்பவள், அப்பளக் கட்டுகளோடு ஒரு சுருளையும் மாதம் ஒருமுறை கொண்டுவருவாள். சுருளுக்குள் பெரிய படம் ஒன்று இருக்கும். சுவரில் மாட்டும் அளவு. அதைச் சிறிதாக்கி, மேட் தாளில் அடித்து, கொடுத்த முகவரிக்குத் தபாலில் சேர்த்துவிட வேண்டும். மூலப் படத்தை அவளிடமே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். இவ்வளவுதான்.

"கடைசித் தடவ வந்தப்ப, இனி ரோல் வராதுன்னாங்க. செவுத்துல ஒண்ணுதான் பாக்கி இருக்காம். அது இறங்காதாம்" என்றார் பெனோ.

ஆட்டோவில் ஏறிய முத்துராணி, செத்த மனிதன் வீட்டுச் சுவரைக்கூட விட்டுவைக்கவில்லை பாருங்கள் என்றாள். அப்பளக்காரியே குற்றவாளி என்பதில் அவளுக்கு இப்போது ஐயமில்லை. ஆளையும் மாவோடு உருட்டிவிட்டாள் என்றாள். பாலத்தின் மறுபக்கம் வந்ததும் அவளுடைய குரல் தானாகவே தணிந்தது.

*

மணிராஜின் வீடு ஒரு நீண்ட தெருவின் கடைசியில் இருந்தது. முன்கதவில் கைப்பிடியளவுப் பூட்டு. பூட்டின்மேல் புழுதி. கதவிடுக்கில் மின்கட்டணச் சீட்டொன்று செருகியிருந்தது. காவலர் கண்டது இவ்வளவே.

முத்துராணி வண்டியிலிருந்து இறங்கியதும் நின்றுவிட்டாள். வாசலைச் சுட்டிக்காட்டினாள்.

"அண்ணாச்சி, கோலத்தப் பாத்தியளா? இன்னைக்கு வச்சது. ஒரு கோடுகூடக் கலையல. ஆளில்லாத வீட்டுக்கு எவளும் கோலம் போட மாட்டா. எளவு விழுந்த வீட்டுக்கும் போட மாட்டா."

வேதமுத்து அவளை ஒரு கணம் நோக்கினார். பின்னர், இந்த வழக்கில் தாம் காணத் தவறியது இது ஒன்றுதான் என்று முறையாக ஒப்புக்கொண்டார். தம் வாசலில் கோலம் விழுந்து ஏழாண்டுகள் ஆகிவிட்டமையால் கண் பழகவில்லை போலும் என்றும் சொன்னார். முத்துராணி அடுத்த வீட்டை நோக்கி நடந்தாள்.

அடுத்த வீட்டு முற்றத்தில் அப்பளங்கள் பாயில் காய்ந்துகொண்டிருந்தன. சுடலைவடிவு ஐம்பது வயதுப் பெண், கையெல்லாம் மாவு. பக்கத்து வீட்டுக்காரர் ஊரில் இல்லை என்றாள். எங்கே போனார் என்றால், தெரியாது என்றாள். அப்படியானால் எவருக்காகக் கோலமிட்டாய் என்று முத்துராணி கேட்டாள். சுடலைவடிவு கையிலிருந்த அப்பளத்தைப் பாயில் வைத்தாள், அதன் ஓரத்தை நேராக்கினாள், எழுந்தாள்.

"அவரு அக்கா அனுப்புன ஆளா நீங்க?" என்று கேட்டாள். ஆம் என்றார் வேதமுத்து.

"பூட்டு நான் போட்டது. அவருதான் போடச் சொன்னாரு. யாரு வந்தாலும் ஆளில்லன்னு போயிரணுமாம். மூணு நேரமும் சோறு நான்தான் குடுக்கேன். என்கிட்டயும் ரெண்டு வார்த்தைக்கு மேல பேச மாட்டாரு."

வீட்டின் பக்கத்துச் சந்து வழியாக அவள் அவர்களைப் பின்புறம் அழைத்துச் சென்றாள். அங்கிருந்து ஆற்றுப் படித்துறை முப்பது தப்படி தூரம். புறவாசல் நிலையிலிருந்து ஒரு தேங்காய்நார்க் கயிறு புறப்பட்டு, இரண்டு கம்பங்களைத் தொட்டு, படித்துறையின் முதற்கல் வரையில் சென்றது. துணி உலர்த்தும் கயிறென்று முத்துராணி கருதினாள். ஆனால் அது இடுப்பளவு உயரத்தில் இருந்தது. நெடுகிலும் கைபட்டுக் கைபட்டு மினுங்கியது.

வேதமுத்து குறிப்பேட்டை மூடிப் பையில் வைத்தார். முரட்டுத் தாள், மிஞ்சிய கருமை, மூடிய கண், புரட்டி வைத்த தாள். ஊகம் இனித் தேவைப்படவில்லை.

உள்ளே இருட்டறை. கதவு திறந்தே கிடந்தது. சிவப்பு விளக்கின் குமிழ் கழற்றப்பட்டிருந்தது. மேசைமேல் தட்டங்கள் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. ஓரத்து முக்காலியில் ஒருவர் தாள்பெட்டி ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தார். ஐம்பதை எட்டாத வயது, தாடி நரைத்திருந்தது. காலடியோசை கேட்டதும் அவருடைய முகம் திரும்பியது. ஆனால் அவர்கள் நின்ற இடத்துக்குச் சற்றுத் தள்ளி நின்றுவிட்டது.

வேதமுத்து தம் பெயரைச் சொன்னார். வேறொன்றும் சொல்லாமல் நகல்கள் மூன்றையும் அவர் கையில் வைத்தார். மணிராஜ் கட்டைவிரலால் ஒருமுறை தடவினார்.

"பெனோ ஸ்டூடியோ" என்றார். "வழுக்குது, என்ன?"

கொலைகாரனைத் தேடி வந்த முத்துராணி கொலையுண்டவரின் குரலைக் கேட்டு, சுவரோடு சாய்ந்துகொண்டாள்.

மணிராஜ் தாமே மெல்ல மெல்லச் சொன்னார். முதலில் பக்கவாட்டில் பார்வை போயிற்றாம். இருட்டறையில் தாளின் முகம் எது, முதுகு எது என்று கண்ணுக்குத் தெரியாமற்போகவே, விரலுக்குத் தெரியும் தாளைத் தேடினார். பார்வை குறையக் குறைய முரடான தாள் வேண்டியிருந்தது. தாளை விரலால் கண்டுகொள்ளலாம். தட்டத்தில் கருமை விழும் கணத்தை விரலால் காண முடியாது. ஒவ்வொரு படத்தையும் பிந்தியே எடுத்தார். ஆடி மாதத்தில் ஒருநாள் நாற்பது நிமிடங்கள் தட்டத்தை ஆட்டிவிட்டு எடுத்தபோது, படம் முழுதும் கருப்பு என்று சுடலைவடிவு சொன்னாள். அன்று விளக்கைக் கழற்றினார். அதன்பின் முரட்டுத் தாளில் முன்பே அச்சிட்டுச் சுவரில் மாட்டியிருந்த பெரிய படங்களை ஒவ்வொன்றாக இறக்கி, சிறிதாக்கி அனுப்பினார். கண்ணுக்கு வேற்றுமை தெரியாது என்று பெனோ சுடலைவடிவிடம் உறுதி சொல்லி அனுப்பினாராம்.

"அக்கா எப்படிக் கண்டுபிடிச்சா?" என்று கேட்டார் மணிராஜ்.

வேதமுத்துவுக்கு அந்தக் கேள்வி கனத்தது. "விரலால" என்றார்.

மணிராஜ் சிரித்தார். நெடுநாளாகச் சிரிக்காதவர் என்பது அச்சிரிப்பிலேயே தெரிந்தது. "துணிக்கடை விரலு. அத நான் யோசிக்கல பாத்தியளா. அவளுக்குக் கண்ணு நல்லாத் தெரியும்னு கண்ணுக்கு மட்டுமே ஏற்பாடு செஞ்சேன்."

சுவரில் ஆணிகள் வரிசையாக இருந்தன. ஒன்றில் மட்டும் படம் இருந்தது: பார்வையற்ற முதியவர் ஒருவர், முகத்தைச் சற்றே உயர்த்தி, யாரோ வருவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். அது அவர்களுடைய தந்தை என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"அதத்தான் அக்கா மன்னிக்கல" என்றார் மணிராஜ். "கண்ணு தெரியாதவர, அவருக்கே தெரியாமப் படம் புடிச்சிட்டேன்னு கோவம். நியாயந்தான். எளவு வீட்டுல எல்லாரு முன்னாலயும் சொன்னா. 'ஒனக்கும் கண்ணு போனாத்தாம்லே அது தெரியும்'னு. ஒரே வருசத்துல போக ஆரம்பிச்சிட்டு."

அக்காளின் சொல்லால் போயிற்றென்று நம்புகிறாரா என்று வேதமுத்து கேட்டார்.

"இல்ல அண்ணாச்சி. அப்பாவுக்கு வந்ததேதான் இது. குடும்பத்துல ஓடுதுன்னு டாக்டரு சொன்னாரு. சொட்டு மருந்து ஊத்துதேன். இருக்கதக் காப்பாத்தும், போனது வராது. நான் டாக்டருகிட்ட போனதே பிந்தித்தான். எனக்கு வெவரம் தெரியுது. அக்கா அப்படி நெனக்க மாட்டா. தன் வாயாலதான் தம்பிக்குக் கண்ணு போச்சுன்னு தெனம் தெனம் சாவா. நான் இருக்கேன்னு மட்டும் சொல்லுங்க. கண்ணப் பத்தி ஒரு வார்த்த சொல்லிராதிய. கையடிச்சுக் குடுங்க."

அவர் கையை நீட்டினார். வேதமுத்து அதைப் பற்றிக்கொண்டார். கையில் இருட்டறை மருந்தின் புளிப்பு வாடை இன்னும் இருந்தது. அடுத்த மாதத்துக்கு என்ன அனுப்புவீர்கள் என்று மட்டும் கேட்டார். மணிராஜ் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பினார். ஒன்றுமில்லை என்றார்.

*

திரும்பும் வழியில் வீரவநல்லூர் வந்ததும் முத்துராணி ஆட்டோவை ஒரு வேப்பமரத்தடியில் நிறுத்தினாள். அம்மையார் தன்னை வெளியே அனுப்பிவிட்டு என்ன சொன்னார் என்று அவள் கேட்கவில்லை. கண்ணுக்கு நேரே கொண்டுபோன காப்பிக் குவளை அவளுக்கும் நினைவிருந்தது.

வேதமுத்து இரண்டு கைகளையும் முழங்கால்மேல் வைத்து அமர்ந்திருந்தார். தம்பி குருடாவதை அக்காள் அறியக் கூடாது. அக்காள் குருடாவதைத் தம்பி அறியக் கூடாது. ஒரே நோய், ஒரே சொல்லை எண்ணி இருவரும் அஞ்சுகிறார்கள். ஒருவர் சொட்டு மருந்து ஊற்றுகிறார். மற்றவர் தண்டனையென்று எண்ணி, ஊற்றாமல் இருக்கிறார். அக்காளுக்கு இன்னும் நேர்ப்பார்வை இருக்கிறது. எத்தனை மாதம் இருக்குமோ.

இரண்டு உறைகளும் அவருடைய பையில் இருந்தன. இரண்டும் ஒட்டியவை. விதிப்படி நடந்தால், நாளை அம்மையாரிடம், தம்பி நலம் என்று ஒரு வரி சொல்லிவிட்டு வழக்கை முடித்துவிடலாம். எவரும் குறைகூற முடியாது.

ஏழாண்டுகளுக்கு முன் ஒரு மருத்துவர் அவ்வாறுதான் விதிப்படி நடந்தார். வேதமுத்துவின் மனைவி, தம் உயிரைக் குடித்துக்கொண்டிருந்த நோயைக் கணவரிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதற்கிணங்க, பதினொரு மாதங்கள் வாய் திறக்கவில்லை. நல்ல மனிதர். வேதமுத்துவுக்கு அவர்மேல் இன்றளவும் கோபமில்லை. அந்தப் பதினொரு மாதங்களும் திங்கள் முதல் சனி வரையில் மனைவியின் மிதிவண்டி காலை எட்டு மணிக்குப் புறப்பட்டு, மாலை ஐந்துக்குத் திரும்பியது. அதன் சக்கரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஏறி வந்தவரின் முகத்தைப் பார்க்கத் தவறிவிட்டார்.

வயலில் கொக்கொன்று நின்றுகொண்டிருந்தது. பேருந்து ஒன்று ஒலியெழுப்பிக் கடந்தது.

"அந்த அம்மாகிட்ட என்னன்னு சொல்லப் போறிய?" என்று கேட்டாள் முத்துராணி.

"காலைல ஏழு மணிக்கு வண்டியக் கொண்டா" என்றார் வேதமுத்து. "அவங்கள அவங்க தம்பிகிட்ட கூட்டிட்டுப் போவணும். போற வழியில மருந்துக் கடையில ஒரு நிமிசம் நிப்பாட்டு. ரெண்டு பேரு சொன்னதையும் ரெண்டு பேருகிட்டயும் சொல்லிருதேன்."